கூட்டத்துக்குப் பின்னால் நடந்தவள்

எங்கள் அறிவியல் மன்றக் கூட்டம் கலையும் நேரத்தில் கிளாராவை மேஜைப் பக்கம் தேடிப் பயனில்லை. நாங்கள் படங்களைச் சுருட்டிக்கொண்டு, நூல்கண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருப்போம். அவள் செருப்பைக்கூட மாட்டாமல், வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்துகொண்டிருப்பாள். தலை குனிந்திருக்கும். பார்க்கிறவர்களுக்கு, காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாள் என்றுதான் தோன்றும். சாணார்பட்டியில் ஒரு அம்மாள் நின்று, "என்னத்தத் தொலைச்ச தாயி?" என்று கேட்டு, தானும் குனிந்து கொஞ்ச தூரம் தேடிக்கொண்டு வந்தாள்.

கிளாரா தேடியது தரையில் இல்லை. முன்னால் போகிறவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்பதற்காகத்தான் அப்படி நடந்தாள். கல்லூரியில் படித்த காலத்திலும், படிப்பு முடிந்து பழைய மாணவிகளாக அறிவியல் மன்றத்தோடு ஊர் ஊராகப் போய்வந்த வருடங்களிலும் இந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை.

நத்தத்தில் ஒருமுறை மாந்தோப்புக்காரர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். மரபணுவை வெட்டி ஒட்டுவது பற்றி அப்போதுதான் ஒரு மணி நேரம் கேட்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லப்பா. நம்ம மாமரத்துல ஒட்டுக் கட்டுறோம்ல, அதேதான். இவுக படம் போட்டுக் காட்டுறாக, அம்புட்டுத்தான்."

கிளாரா ஓடிப்போய் அவர்களுக்கு முன்னால் நின்றாள். "அண்ணே, அது வேற, இது வேறண்ணே. ஒட்டுல மேல இருக்கிற கிளை அது வந்த மரத்தோட குணத்தோட இருக்கும், கீழ இருக்கிற வேர் அதோட குணத்தோட இருக்கும். இதுல அப்படி இல்ல. ஒரு உயிருக்குள்ள இருக்கிற குணத்துல ஒரே ஒரு துண்ட எடுத்து..."

"ஏம்பா, பள்ளிக்கூடம் விட்டப்பெறகும் டீச்சர் விடமாட்டேங்குதே," என்றார் மற்றவர்.

பஸ் வரும்வரை அவளும் விடவில்லை. அடுத்த ஊரில் பேச்சை மாமர ஒட்டிலிருந்தே ஆரம்பித்தாள்.

இந்தப் பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. முதல் வருடம் அவளும் எங்களைப் போலத்தான், கைதட்டு ஓயுமுன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இடையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் கிளாரா யார் என்று என்னால் சொல்ல முடியாது.

திண்டுக்கல்லில் மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில் அவள் வீடு. அப்பா கஸ்பார் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவர். ரெட்டியார்சத்திரம் பக்கத்து விவசாயிகள் கருகிய மோட்டாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தங்கள் கிணற்றின் கஷ்டத்தை அவர் கடை வாசலில் உட்கார்ந்து சொல்வார்கள். யாரிடமும் எதையும் கூச்சமில்லாமல் பேசும் குணம் கிளாராவுக்கு அந்தக் கடை வாசலில்தான் வந்திருக்க வேண்டும். எண்பத்திரண்டில் விலங்கியல் வகுப்பில் சேர்ந்தபோது நானும் அவளும் ஒரே பெஞ்ச். நான் சாணார்பட்டிக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்றால் புரியாவிட்டாலும் "புரிஞ்சுது மேடம்" என்று எல்லோரோடும் சேர்ந்து சொல்லிப் பழகியவள். கிளாராவும் அந்தக் கோரஸில் இருந்தவள்தான்.

இரண்டாம் வருடம் நூலகத்தில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி என்னிடம் வந்தாள். சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலினை ஒரு பாக்டீரியாவையே செய்யவைத்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. மனித மரபணுவின் ஒரு துண்டை அதற்குள் வைத்தால், அது பெருகப் பெருக மனித இன்சுலினும் பெருகுமாம். அமெரிக்காவில் விற்பனைக்கே வந்துவிட்டதாம்.

"அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு இதத்தான் பேசப்போறேன் செல்வி."

அறிவியல் மன்றம் மாதம் ஒரு ஊருக்குப் போகும். வயிற்றுப்போக்கு, மாலைக்கண், கொதிக்கவைத்த தண்ணீர் என்று பேசிவிட்டு வரும். மன்றத்தை நடத்திய ஆனந்தமேரி மேடமே சிரித்துவிட்டார். "தண்ணியக் கொதிக்கவச்சுக் குடிங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. நீ மரபணுவ வெட்டப் போறியாக்கும்."

"இங்க வந்து சேர்ற வரைக்கும் யாருக்கும் தெரியலைன்னா, வந்ததுக்கப்புறம் பயந்துதான மேடம் பார்ப்போம்? முன்னாலயே தெரிஞ்சா கேள்வி கேக்கலாம்ல."

மேடம் கொஞ்சம் யோசித்து, "சரி, சின்னாளபட்டியில பேசு. நெசவாளிங்க கேள்வி கேக்குற ஆளுங்க. உன்ன உரிச்சு எடுத்திருவாங்க," என்றார்.

சின்னாளபட்டி என்றதும் கிளாராவுக்கு நூல் நினைவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் சங்கக் கட்டிடத்தில் கூட்டம். நீல நூலில் நடுவே ஒரு சாண் சிவப்பு நூல். அந்த முழு நூல்தான் மனித மரபணு. அந்தச் சிவப்புத் துண்டுதான் இன்சுலின் செய்யும் வழியைச் சொல்கிற பகுதி. வெள்ளை நூல் வளையம் பாக்டீரியாவுடையது. கத்தரியால் சிவப்பை வெட்டி, வளையத்தையும் வெட்டி, சிவப்பை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டாள்.

முன்வரிசையில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "முடிச்சு தெரியுதே பாப்பா. இந்தச் சேலைய எவன் வாங்குவான்?"

ஒரே சிரிப்பு. கிளாராவும் சிரித்தாள். "நெசத்துல முடிச்சு இருக்காதுண்ணே. நொதின்னு ஒண்ணு பசை மாதிரி ஒட்டிரும். தடம் தெரியாது."

"அப்ப மனுச மருந்து செய்யுற அந்தக் கிருமிக்கு ரேஷன் கார்டு உண்டா?"

மறுபடியும் சிரிப்பு. எந்த ஊரிலும் எங்களுக்கு இப்படி ஒரு கூட்டம் அமைந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் கிளாரா கடைசிப் பகுதிக்கு வந்தாள்.

"இப்ப நீங்க போடுற இன்சுலின் ஊசி எதுலருந்து வருதுன்னு தெரியுமா? மாடு, பன்னி அறுக்குற இடத்துல, அதுங்க வயித்துக்குள்ள இருக்கிற கணையத்த எடுத்து, அதுலருந்துதான் பிரிக்கிறாங்க. எத்தன மாடு, எத்தன பன்னி வேணும் பாருங்க. இனிமே அதெல்லாம் தேவையில்ல. கிருமியே செஞ்சு குடுக்குற மருந்து வந்தாச்சு."

கூட்டம் அமைதியானது. ஆழ்ந்து கேட்கிறார்கள் என்று நினைத்தோம். கிளாரா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி சாதாரண விஷயம். பன்றி என்ற சொல் அவள் வாயில் தக்காளி, வெங்காயம் என்பது போலத்தான் வரும். கைதட்டினார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, "எம்புட்டுப் புரிஞ்சுகிட்டாங்க பாத்தியா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கல்லூரி வாசலில் நின்று "நூல் வெட்டுன அக்கா" வேண்டும் என்று கேட்டாள். பெயர் முனீஸ்வரி. சின்னாளபட்டியில் தறிக்காரர் பொன்னுச்சாமியின் மகள்.

"எங்கம்மா ஊசி போடமாட்டேங்குதுக்கா. கூட்டத்துல கேட்டுட்டு வந்ததுலருந்து தொடவே இல்ல. நாந்தான் தினமும் போட்டுவிடுவேன். இப்பக் கையத் தரமாட்டேங்குது."

அவள் அம்மா அங்கம்மாளுக்கு முப்பது வயதுக்கு முன்பே சர்க்கரை வந்துவிட்டது. மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை. ஊசி இல்லாமல் தாங்காது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வகுப்புக்குப் போகாமல் அந்தப் பெண்ணோடு அப்படியே பஸ் ஏறினோம்.

வீட்டின் முன்பாதி முழுவதும் குழித்தறி. பின்பாதியில் பாயில் அங்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. நாங்கள் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் அதை இரண்டு முறை காலி செய்தாள்.

கிளாரா படித்ததையெல்லாம் சொன்னாள். அந்த மருந்தில் கறி கிடையாது, கொழுப்பு கிடையாது, சுத்தம் செய்த ஒரு பொருள் மட்டும்தான் என்றாள். உடம்புக்குள் போனதும் அது எந்த மிருகத்திடமிருந்து வந்தது என்று உடம்புக்கே தெரியாது என்றாள்.

"ஒடம்புக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருச்சே," என்றாள் அங்கம்மாள்.

"அக்கா, உசுரு முக்கியமில்லையா?"

"நீ பன்னி திங்கிற வீட்டுப் புள்ள. ஒனக்கு என்ன. செவ்வா, வெள்ளி கவுச்சி சேக்காத வீடு இது. மாட்டுக்குப் பொங்க வச்சுக் கும்புடுற கையி. இத்தன வருசமா எனக்குத் தெரியாது, குத்தமில்ல. இப்பத் தெரிஞ்சு போட்டா?"

அங்கம்மாள் கோபமாகப் பேசவில்லை. களைப்பில், நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"இந்தா பாரு தாயி. நான் வேணாம்னு சொல்லல. நீதான சொன்ன, கிருமி செய்யுற மருந்து வந்தாச்சுன்னு. மாடும் வேணாம், பன்னியும் வேணாம்னு. அத வாங்கிக் குடு. இன்னைக்கே போட்டுக்கிறேன். அது வர்றவரைக்குந்தான் இருக்கேன்."

வெளியே வந்தபின் கிளாரா தெருவில் நின்றுவிட்டாள்.

"செல்வி, அவங்களுக்குப் புரியலைன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். அந்தக் கூட்டத்துலயே அவங்களுக்குத்தான் எல்லாம் சரியாப் புரிஞ்சிருக்கு."

நான் அன்றைக்கு நினைத்துப் பார்த்தது இதுதான். நாங்கள் எதிர்பார்த்தது அறியாமையை; அதற்கு எங்களிடம் படம் இருந்தது, நூல் இருந்தது. ஒருவர் முழுவதும் புரிந்துகொண்டு, அதன்படி நடக்கத் தொடங்கினால் என்ன செய்வது என்று எங்கள் மன்றத்தில் யாரும் யோசித்ததில்லை.

மறுநாள் காலையில் திண்டுக்கல் மருந்துக்கடைகளில் ஏறி இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் கிளாரா சொன்ன பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒண்ணு இருக்குன்னே நீ சொல்லித்தாம்மா தெரியும்," என்றார். மதுரையில் தன் மொத்த வியாபாரிக்கு டிரங்க் கால் போட்டும் கேட்டுவிட்டார். இல்லை. பெரியாஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், "பேரு படிச்சிருக்கேன், கண்ணால பாத்ததில்ல," என்றார். அங்கம்மாளின் நிலையை விசாரித்தார். தண்ணீர்த் தாகம், வாந்தி, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கேட்டு முடித்து, "இன்னைக்கு ராத்திரியத் தாண்ட விடாதீங்க. தூக்கிட்டாவது வாங்க," என்றார்.

சின்னாளபட்டிக்குப் போன பஸ்ஸில் கிளாரா ஜன்னலோரத்தில் உட்காரவில்லை. "நான் பொய் சொல்லல. 'வந்தாச்சு'ன்னு சொன்னேன். எங்க வந்திருக்குன்னு சொல்லல," என்றாள்.

அங்கம்மாள் அன்று உட்காரவும் முடியாமல் படுத்திருந்தாள். மூச்சு சத்தமாக வந்தது. கூப்பிட்டு வந்திருந்த உறவுக்காரர்களும் சொல்லிப் பார்த்து ஓய்ந்து வாசலில் நின்றார்கள். பொன்னுச்சாமி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நெய்து முடிந்திருந்தது. சும்மா உட்கார முடியாமல் புதுப் பாவின் நூல்களைப் பிணைத்துக்கொண்டிருந்தார். தறியில் கொஞ்சம் மிஞ்சி நிற்கும் பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு. பிறகு அடுத்த இழை. மனைவியைப் பார்ப்பதும் நூலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

கிளாரா அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் பழைய நூல எதுக்குண்ணே விட்டு வச்சிருக்கீங்க? கழட்டிப் போட்டுட்டுப் புதுச மாட்டுனா சீக்கிரம் முடிஞ்சிரும்ல," என்று கேட்டாள்.

அவர் நிமிராமலே சொன்னார். "கழட்டுனாப் போச்சு. ஒவ்வொரு இழையாத் திரும்ப விழுதுலயும் அச்சுலயும் கோக்கணும். நாள்கணக்காகும். பழசு கொஞ்சம் புடிச்சுக்கிட்டு நின்னாத்தான் புதுசு அது பின்னாலயே உள்ள வந்து சேரும். புதுசு வர்ற வரைக்கும் பழச அறுக்கக்கூடாது."

பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அங்கம்மாள் சிரித்தாள் என்பது எங்களுக்கு உடனே தெரியவில்லை.

"என்னைய வச்சுத்தான கேக்குற?"

"இல்லக்கா. சத்தியமா தெரியாமத்தான் கேட்டேன்."

"எம் புருசனும் நீயும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

"நான் எங்க பேசுனேன்? கேட்டுச்சு, சொன்னேன்," என்றார் பொன்னுச்சாமி. அப்போதுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த இழையை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "தறிக்குப் பாக்குற நான் ஒனக்குப் பாக்கமாட்டனா?" என்றார்.

அங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கிளாராவை அருகில் வரச் சொன்னாள்.

"அந்த மருந்து இந்த ஊருக்கு வருமா, வராதா? நெசத்தச் சொல்லு."

"வரும்க்கா. எப்பன்னு எனக்குத் தெரியாது. ஒரு வருசமும் ஆகலாம், பத்து வருசமும் ஆகலாம். இப்ப அமெரிக்காவுலயும் இன்னும் செல ஊருலயுந்தான் இருக்கு. இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"வந்தா யாரு கொண்டாந்து குடுப்பா?"

"நான் கொண்டாந்து குடுக்கிறேன். மொத பாட்டில் என் கையாலதான்."

"ஒன் மாதா மேல சத்தியம் பண்ணு."

கிளாரா கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

"அப்பச் சரி. அது வர்றவரைக்கும் நான் போடுற ஊசிக்கெல்லாம் குத்தம் எனக்கில்ல. அம்புட்டும் ஒங் கணக்கு. சம்மதமா?"

"சம்மதம்க்கா. என் கணக்குலயே இருக்கட்டும்."

"முனீசு, வெந்நி வையி."

முனீஸ்வரி கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டாள். ஐஸ் பெட்டி இல்லாத வீடு. மருந்துப் பாட்டில் தண்ணீர்ப் பானைக்குள் ஒரு டப்பாவில் மிதந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்து ஊசியில் ஏற்றினாள். அங்கம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். பிறகு வாடகைக் கார் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சில நாள் குளுக்கோஸ் பாட்டிலும் ஊசியுமாக இருந்து, பிழைத்து வீடு திரும்பினாள்.

அன்று பகலில் அங்கம்மாளின் மனத்தை மாற்றியது எது என்று எனக்கு இன்றும் உறுதியாகத் தெரியாது. அறுக்காமல் விட்ட பழைய பாவா, புருசனின் முகமா, சத்தியமா, மூச்சு அடைத்ததில் வந்த பயமா? எங்கள் விளக்கம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆனந்தமேரி மேடம் இந்தத் தலைப்பே இனி வேண்டாம் என்றார். அதில் நியாயமும் இருந்தது. கிளாரா ஒத்துக்கொள்ளவில்லை. "பாதி சொல்லிட்டு விட்டுட்டு வந்துதான் மேடம் இப்படி ஆச்சு. மீதியச் சொல்லாம நிறுத்துனா இன்னும் மோசமில்லையா?" என்று கேட்டாள். இரண்டு மாதம் கழித்து அதே சங்கக் கட்டிடத்தில், அதே ஆட்கள் முன்னால் மறுபடி நின்றாள். முன்வரிசையில் அங்கம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

கிளாரா நூலை எடுத்து, "இன்சுலின் செய்யுற கிருமி வந்தாச்சு..." என்று ஆரம்பித்ததும் அங்கம்மாள் கையைத் தூக்கினாள்.

"எங்க வந்துருச்சு? அத மொதல்ல சொல்லு."

"அமெரிக்காவுலக்கா."

"சத்தமாச் சொல்லு. பின்னால ஒக்காந்திருக்கவுகளுக்குக் கேக்கல."

"அமெரிக்காவுல!"

"ஆங். இப்ப மேல சொல்லு."

அன்று முதல் கிளாராவின் பேச்சு மாறியது. ஒரு புதிய விஷயத்தைச் சொன்னால், அது எங்கே இருக்கிறது, நமக்கு எவ்வளவு தூரம், அதுவரை எதை விடக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவாள். இப்போதைய இன்சுலின் எங்கிருந்து வருகிறது என்பதையும் அவள் மறைத்ததில்லை. மறைத்துவிடலாமே என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன். "கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு செல்வி. ஆனா அத நடுரோட்டுல போட்டுட்டு ஓடக்கூடாது. கூடவே நிக்கணும்," என்றாள். பேச்சு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பதையே விட்டுவிட்டாள். "வீட்டுல போய் என்ன சொல்லப்போறீங்க?" என்று கேட்டாள். அந்தப் பதிலிலும் அவளுக்கு நம்பிக்கை வராமல்தான், கூட்டத்துக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

ஐந்து வருடம் அப்படி நடந்தாள். பி.எட். முடித்தாள். எங்கள் கல்லூரியிலேயே தற்காலிகமாக ஆய்வகத்தில் இருந்தாள். போன வருடம் ராஞ்சிக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலை கிடைத்தது. கஸ்பார் அப்பாவுக்குக் கண்பார்வை குறைந்து காயில் கட்ட முடியாமல் போயிருந்தது. போய்த்தான் ஆக வேண்டும். கிளம்பும் முன் சின்னாளபட்டிக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெறுங்கையோட வந்திருக்க?"

"இன்னும் வரலக்கா."

"ராஞ்சி எங்க இருக்கு? அமெரிக்காவுக்குப் பக்கமா?"

"பீகாருல இருக்குக்கா. அங்கயும் கேட்டுப் பாக்குறேன்."

"கேளு, கேளு. ஏமாத்திட்டு ஓடிறலாம்னு மட்டும் பாக்காத," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கிளாராவுக்குப் பிடித்த புளிச்சோற்றைத் தூக்குச்சட்டியில் கட்டிக் கொடுத்தாள். ரயிலில் சாப்பிட வெஞ்சனம் தனியாக.

நான் இப்போது ரெட்டியார்சத்திரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடும்போது அவர்கள் பின்னால் நடந்து பார்க்கலாமா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஒரே ஒரு முறை நடந்தேன். அவர்கள் பெட்டிக்கடை ஐஸ் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். அது எனக்குச் சரியான மதிப்பெண் என்றுதான் தோன்றியது. நான் என்ன படித்தேன் என்று எங்கள் அம்மாவுக்கே இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிளாரா அந்தச் சின்னாளபட்டிக் கூட்டத்துக்குப் பின் ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதை நான் எப்போது தெரிந்துகொள்வேன் என்று தெரியவில்லை.

சின்னாளபட்டிக்குப் போகும்போதெல்லாம் முதலில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில் கேட்டுவிட்டுத்தான் போகிறேன். நான் படியேறும்போதே கடைக்காரர் தலையை ஆட்டிவிடுவார். போன மாதமும் ஆட்டினார்.

அன்று நான் போனபோது அங்கம்மாள் அடுப்பில் சிரிஞ்சைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி அதே தெருவில் கல்யாணமாகிப் போயிருக்கிறாள். ஊசிக்காகக் காலையும் மாலையும் வந்து போகிறாள். வாசலில் என்னைப் பார்த்ததும் அங்கம்மாள், "அவ அனுப்புனாளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. இன்னும் வரல."

"ம்."

முனீஸ்வரி ஊசியை ஏற்றினாள். அங்கம்மாள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. ஊசி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் இரண்டு முறை சொல்லப்படும் வார்த்தையைச் சொன்னாள்.

"இதுவும் கிளாரா கணக்கு."